ஸ்டார்பக்ஸ் போல வளர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காபிக் கடை நன்றாக ஓட ஆரம்பித்ததும் அடுத்த கிளை எங்கே என்ற பேச்சு வந்துவிடுகிறது. கூடவே யாராவது அமெரிக்காவின் பெரிய காபிக் கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸை உதாரணம் காட்டுவார்கள். காட்டட்டும், நல்ல உதாரணம்தான். ஆனால் நாம் கேட்பதெல்லாம் அது ஜெயித்த கதை. அது சறுக்கிய இடங்களும் ஊரறிந்தவையே. கடை நடத்துகிறவருக்கு அவைதான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

முதலில், ஆரம்ப வருடங்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 1971-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜெர்ரி பால்ட்வின், ஸெவ் சீகல், கோர்டன் பவ்கர் மூவரும் திறந்தது வறுத்த காபிக்கொட்டை விற்கும் கடை. தொழிலை அவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லியில் காபிக்கொட்டைக் கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பீட்டிடம் கற்றார்கள். 1982-இல் வேலைக்குச் சேர்ந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் மறுவருடம் இத்தாலியின் மிலானுக்குப் போனார். அங்கே எஸ்பிரசோ, அதாவது இயந்திர அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி, விற்கும் கடைகளைப் பார்த்துவிட்டு வந்து, நாமும் காபி போட்டே விற்கலாம் என்றார். முதலாளிகளுக்கு அதில் பெரிய விருப்பமில்லை. அவர் விலகி 1986-இல் 'இல் ஜோர்னாலே' என்ற பெயரில் சொந்தக் கடை திறந்தார். 1987-இல் ஸ்டார்பக்ஸையே 38 லட்சம் டாலருக்கு வாங்கினார். அப்போதும் அதன் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொட்டையைப் பார்த்து வாங்கவும் பதமாக வறுக்கவும் பழகியதில் 16 வருடம் போயிருந்தது.

இல் ஜோர்னாலேயில் ஷுல்ட்ஸ் செய்ததும் கவனிக்க வேண்டியது. இத்தாலியை அப்படியே கொண்டுவர நினைத்து, நாற்காலி போடாமல், ஆபரா என்னும் இசைநாடகப் பாடல்களை ஒலிக்கவிட்டார். வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். சரி என்று நாற்காலி போட்டார், இசையை மாற்றினார். ஒரே கடை இருக்கும்போது இப்படித் திருத்துவது சுலபம். நூறு கடைகளில் திறந்துவிட்டால் ஒரு நாற்காலியை நகர்த்தக்கூடக் கூட்டம் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கடைகளின் எண்ணிக்கையையே வளர்ச்சி என்று நினைப்பது. 2000-இல் சுமார் 3,500 கடைகள், 2007-இல் சுமார் 15,000. அந்த வருடம் பிப்ரவரியில் ஷுல்ட்ஸ் நிர்வாகிகளுக்கு எழுதிய குறிப்பு ஒன்று வெளியே கசிந்தது. வேகத்துக்காகத் தானியங்கி இயந்திரங்களை வைத்தோம், அவற்றின் உயரம் காபி போடுகிறவரை மறைத்துவிட்டது; கொட்டை கெடாமலிருக்கக் காற்றுப்புகாத பையில் அனுப்பினோம், கடையில் காபி மணமே இல்லாமல் போனது என்று அதில் வருத்தப்பட்டிருந்தார். காலை விற்பனைக்காகச் சூடான சாண்ட்விச் வந்தபோது, அதில் தீய்ந்த சீஸ் வாசனை மிச்சமிருந்த மணத்தையும் அமுக்கியது.

இந்த முடிவுகளில் ஒன்றுகூட முட்டாள்தனமானதில்லை. வரிசை நீண்டது, இயந்திரம் வந்தது. கொட்டை பழசானது, பை வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரி. சேர்ந்து வந்தபோதுதான் கடை காபிக் கடையாக இல்லாமல் போனது. நம் ஊர்க் காபித்தூள் கடைக்கு வாசலில் அரைக்கும் வாசனைதான் விளம்பரம். அதை மூடி வைத்தால் கடை இருப்பதே தெரியாது.

பிறகு கணக்குத் தீர்க்கும் நேரம் வந்தது. 2008-இல் ஷுல்ட்ஸ் மறுபடி தலைமை நிர்வாகி ஆனார். பிப்ரவரி 26 மாலை அமெரிக்காவில் சுமார் 7,100 கடைகளை மூன்றரை மணி நேரம் மூடி, ஊழியர்களுக்கு எஸ்பிரசோ போடுவதை மறுபடி சொல்லிக்கொடுத்தார்கள். ஜூலையில் 600 கடைகளை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அவற்றில் பத்துக்கு ஏழு, கடைசி இரண்டு மூன்று வருடங்களில் திறந்தவை. அவசரமாகத் திறந்ததைத்தான் அவசரமாக மூடினார்கள். எனவே இரண்டாவது கிளை திறந்தால் மொத்த விற்பனையைப் பார்த்துப் பூரிக்காதீர்கள். பழைய கடையின் விற்பனை குறைந்ததா என்று தனியாகப் பாருங்கள். குறைந்திருந்தால் புதிய கடைக்கு வருகிறவர்களில் பலர் உங்கள் பழைய வாடிக்கையாளர்களே.

புது ஊரில் என்ன குடிக்கிறார்கள் என்று பார்க்காமல் போவது இன்னொரு தவறு. 2000-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஸ்டார்பக்ஸ், 2008-க்குள் 80-க்கும் மேற்பட்ட கடைகள் திறந்து அதில் 61-ஐ மூடியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு குடியேறிய இத்தாலியர்களும் கிரேக்கர்களும் அங்கே ஏற்கெனவே நல்ல எஸ்பிரசோவைப் பழக்கியிருந்தார்கள். தெருமுனைக் கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நல்ல காபி கொடுக்கும்போது, இனிப்புத் தூக்கலான காபிக்குக் கூடுதல் காசு ஏன் கொடுக்க வேண்டும்?

அதற்காக ஊருக்கு ஏற்ப எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டாம். 1996-இல் டோக்கியோவில் திறந்தபோது, புகைபிடிக்கத் தடை போட்டால் ஜப்பானில் கடை ஓடாது என்றார்கள். தடை நின்றது, கடையும் ஓடியது. பெண்கள் நிறைய வந்தார்கள். எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பிடித்துக்கொள்வது என்று போவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இத்தாலிக்கு மட்டும் அவர்கள் அவசரப்படவேயில்லை. ஷுல்ட்ஸ் பார்த்து வியந்த அதே மிலானில் 2018-இல்தான் கடை திறந்தார்கள்.

கடைசியாக ஃபிரான்சைஸ், அதாவது நம் பெயரில் கடை நடத்தும் உரிமையைப் பிறருக்குக் கொடுப்பது. நம் பக்கம் முதல் கடைக்கு ஒரு வருடம் ஆவதற்குள் 'கிளை உரிமை வழங்கப்படும்' என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். கையில் முன்பணம் வருகிறது, சுவை கையை விட்டுப் போகிறது. ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் தனிநபர்களுக்கு ஃபிரான்சைஸ் கொடுப்பதில்லை. விமான நிலையம், சூப்பர் மார்க்கெட் மாதிரி இடங்களில் அந்தந்த நிறுவனத்துக்கு உரிமம் தருகிறது. கூட்டாளிகளோடு நுழைந்த கிழக்குச் சீனாவில், அவர்கள் பங்கைத் திரும்ப வாங்க 2017-இல் 130 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. உங்களுக்கு உரிமை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தூள் யார் கொடுப்பது, பால் எங்கே வாங்குவது, சொல்லாமல் வந்து ருசி பார்க்கும் அதிகாரம் யாருக்கு, தரம் கெட்டால் பலகையை எத்தனை நாளில் கழற்றலாம் என்பதையெல்லாம் முன்பணம் வாங்குவதற்கு முன்பே பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.