வயோலாவை இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் பரந்து கிடக்கும் ஹோட்டன் சமவெளியின் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய கத்தரிப்பூ நிறப் பூவொன்று புல்லோடு புல்லாக மறைந்து தலைகுனிந்து நிற்கும். அதன் பெயர் வயோலா பெட்டோனிசிஃபோலியா. அது ஆண்டுதோறும் அதே வேரிலிருந்து தளிர்க்கும் பல்லாண்டுச் செடி.

நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்வதே பலரும் செய்யும் முதல் தவறு. நம்மவர்களும் சிங்கள வழக்கில் 'பினர' என்றே அழைக்கும் எக்சாக்கம் செடியும் கத்தரிப்பூ நிறத்தில்தான் பூக்கும். ஆனால் அதன் இதழ்கள் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக விரிந்திருக்கும், நடுவே மகரந்தப் பைகள் பளிச்சென்ற மஞ்சளாகத் தெரியும், இலைகளோ தண்டில் எதிரெதிராக அமைந்திருக்கும். வயோலாவின் ஐந்து இதழ்களும் ஒரே அளவானவை அல்ல. கீழிதழ் பின்புறமாக நீண்டு சிறு பைபோல் முடிகிறது. பூவை மேலிருந்து மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பை கண்ணில் படாது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிவிட்ட அரிஸ்டீயாவின் நீலப் பூவையும் சிலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு ஆறு இதழ்களும் வாள்போன்ற இலைகளும் இருப்பதால், ஒரு கணம் நின்று பார்த்தாலே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என் பார்வையில் இதைவிடப் பெரிய தவறு, இலையைப் பாராமல் விடுவது. இதே மலைகளில் வயோலா பிலோசா என்னும் இன்னோர் இனமும் வளர்கிறது. பூவின் முகத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். முதலாவதன் இலை ஈட்டிமுனைபோல் நீண்டு, காம்பின் இருபுறமும் மெல்லிய விளிம்புடன் நிலத்தடியிலிருந்தே கொத்தாக எழும். இரண்டாவதன் இலை இதய வடிவமானது, மயிரடர்ந்தது. அச்செடி தரையோடு ஓடுதண்டு விட்டுப் படரும். பல ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த அழகான படமொன்றில் பூவின் முகம் மட்டுமே இருக்கிறது. அது எந்த இனமென்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. முகம், பக்கவாட்டு, இலை, செடியின் அடி என நான்கு படங்களையேனும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு தெரிவதற்கு ஒரு நாணயத்தை அருகில் வையுங்கள்.

வேரைப் பார்ப்பதற்காகச் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். 1988 முதல் தேசிய பூங்காவாக இருக்கும் ஹோட்டன் சமவெளியில் ஓர் இலையைக் கிள்ளுவதுகூடச் சட்டவிரோதம்.

இதழே விரியாத மொட்டுகளைக் கண்டு வேறு செடியென்று முடிவுசெய்வதும் தவறுதான். வயோலா சில பூக்களை மூடியபடியே வைத்துக்கொண்டு தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். முற்றிய காய் மூன்றாகப் பிளந்திருந்தால் ஐயம் பெருமளவு குறையும். தை, மாசியில் உறைபனி விழுந்து இலை கருகிப்போன இடத்தில் செடி அழிந்துவிட்டதாக எழுதி வைக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு மழைக்குப் பின் மறுபடியும் சென்று பாருங்கள். அடிக்கிழங்கு உயிரோடு இருந்தால், கருகிய பழைய காம்புகளுக்கு நடுவிலிருந்தே புதிய ஈட்டியிலை தலைகாட்டும்.