கம்பெனி மாறும் சிஎன்சி ஆபரேட்டர்களுக்கு

கோவைப் பக்கம் சிஎன்சி லேத்தில் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷினில்) வேலை பார்க்கும் பிள்ளைகள் வேறு கம்பெனிக்குப் போகும்போது முதலில் சம்பளத்தைத்தான் சொல்கிறார்கள். நான் கேட்பது வேறு. அங்கே மெஷினை ஓட்டும் கண்ட்ரோல் எது? என்ன ஜாப், அதாவது என்ன பாகம் கடைகிறார்கள்? டூலையும் ஜாப்பையும் மெஷினில் அமைக்கும் செட்டிங் வேலையைக் கையில் கொடுப்பார்களா? இதே பம்ப் ஷாஃப்டை இதே மாதிரி மெஷினில் மாட்டிக் கழற்றத்தான் போகிறீர்கள் என்றால், கூடுதலாகக் கிடைக்கும் பணத்துக்காக மட்டும் மாறாதீர்கள். செட்டரோடு நிற்க விடுவார்களா என்று இண்டர்வியூவிலேயே கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன், உங்கள் மெஷினுக்கு வரப்போகிறவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். ஜாப்பைப் பிடிக்கும் சாஃப்ட் ஜாவை ஏன் அந்த அளவுக்குக் குடைந்து போர் செய்கிறோம் என்று அவர் கேட்கும்போதுதான், கைப்பழக்கத்தில் செய்துவந்தது எது, காரணம் தெரிந்து செய்தது எது என்று உங்களுக்கே விளங்கும். அந்தக் காரணங்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டிராயிங்கும் ப்ரோகிராமும் கம்பெனியின் சொத்து, அவற்றைத் தொடாதீர்கள்.

புதிய இடத்தில் ஃபனுக் கண்ட்ரோலுக்குப் பதில் சீமென்ஸ் கண்ட்ரோல் இருந்தால், தெரிந்ததுபோலவே இருப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96 கட்டளை இரண்டிலும் உண்டு. அதனால் ஃபேசிங்கில், அதாவது ஜாப்பின் முகப்பைச் சீவும்போது, டூல் மையத்தை நெருங்க நெருங்க ஸ்பிண்டில் வேகம் ஏறும். அதற்கு நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வரம்பு கட்ட ஃபனுக் லேத்தில் பொதுவாக ஜி50 எஸ்2000 என்று எழுதுவோம்; சீமென்ஸில் லிம்ஸ்=2000. வரம்பு விட்டுப்போனால் ஜாப்பைப் பிடித்திருக்கும் சக்கின் பிடி தளர்ந்து ஜாப் பறந்துவிடலாம், பக்கத்தில் ஆள் நிற்பார். தசமப் புள்ளி விஷயமும் அப்படித்தான். எக்ஸ்50 என்று புள்ளியில்லாமல் எழுதினால் சீமென்ஸ் 50 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். ஃபனுக், பாராமீட்டரைப் பொறுத்து, 50 மைக்ரான் (0.05 மில்லிமீட்டர்) என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

சந்தேகங்களை முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். புதிதாக வந்தவர் கேட்டால் யாரும் சலிப்பில்லாமல் சொல்லித் தருவார்கள்; ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ‘இதுகூடவா தெரியாது’ என்பார்கள். குவாலிட்டியில் இருக்கும் மூத்தவரோடு பழகுங்கள். எந்த அளவு எந்த ஷிஃப்டில் விலகுகிறது, எந்த இன்செர்ட் (டூலின் வெட்டுமுனை) சீக்கிரம் தேய்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முதல் ஜாப்பை சிங்கிள் பிளாக்கில், அதாவது ப்ரோகிராமை ஒவ்வொரு வரியாக, வெட்டாமல் நகரும் ரேப்பிட் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். ஒரு கை, நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனில் இருக்கட்டும். டூல் இன்னும் போக வேண்டிய தூரம் 60 மில்லிமீட்டர் என்று திரை காட்டும்போது கண்ணுக்கு 20தான் தெரிகிறது என்றால், உடனே அழுத்திவிட்டு டூலின் அளவுகள் பதிந்த ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.