பெங்களூரில் விலங்குக் காப்பகம் தொடங்க எந்தெந்த அனுமதி வேண்டும்

கைவிடப்பட்ட நாய்க்கும் பூனைக்கும், காயம்பட்ட பறவைக்கும் பெங்களூரில் ஒரு காப்பகம் அமைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ‘லைசென்ஸ் எங்கே வாங்குவது’ என்பதுதான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உரிமம் என்று எதுவும் இங்கே கிடையாது. எந்த விலங்கைச் சேர்க்கிறீர்கள், அதைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே நீங்கள் போகவேண்டிய அலுவலகம் மாறும். ஆகவே இடம் பார்ப்பதற்கு முன்பே, எவற்றைச் சேர்ப்பது, எவற்றைச் சேர்க்காமல் உரியவரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் காட்டுயிர். மாஞ்சா நூலில் சிறகு அறுபட்ட பருந்தையோ, வீட்டுக் கூண்டில் வளர்ந்த பச்சைக்கிளியையோ, நட்சத்திர ஆமையையோ யாராவது உங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டால், இரக்கத்தின் பேரில் அதை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி இத்தகைய விலங்கு அரசின் சொத்தாகும். அது கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற வன அதிகாரிக்கோ தெரிவித்து, கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும். காட்டுயிர்களை நிரந்தரமாகப் பராமரிக்கும் மீட்பு மையத்தை நடத்துவதென்றால், அது சட்டத்தின் பார்வையில் உயிரியல் பூங்கா என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது. ஒரு சிறிய அமைப்பால் அவ்வளவு எளிதில் எட்டக்கூடிய நிலை அல்ல இது. பன்னேர்கட்டா கரடி மீட்பு மையம்கூட வனத்துறையின் துணையோடுதான் நடக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலுதவி செய்து, நேரத்தையும் கொண்டுவந்தவர் விவரத்தையும் பதிவேட்டில் எழுதி, உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

தெருநாய் விஷயத்தில் சிக்கல் வேறு வகை. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடைத் திட்டம் நடத்த இந்திய விலங்கு நல வாரியத்தின் திட்ட அங்கீகாரச் சான்றிதழ் தேவை. அறுவைச் சிகிச்சையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது பொதுவிதி. 2025இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் இந்தப் பொதுவிதிக்குச் சில விலக்குகளை ஏற்படுத்தியுள்ளன. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகங்களுக்கு அனுப்பவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இப்படிச் சில விலக்குகள் இருந்தாலும், தெருவில் கண்ட நாய்களையெல்லாம் தானாகவே அள்ளிக்கொண்டு வந்து அடைப்பது தனியார் காப்பகத்தின் வேலை அல்ல. 2025 செப்டம்பர் முதல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் இடம் எந்த மாநகராட்சியில் வருகிறது என்று பார்த்து, அதன் கால்நடைப் பிரிவிடம் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்.

அமைப்பைப் பதிவு செய்ய அறக்கட்டளை, சங்கம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் வரும் லாப நோக்கமற்ற நிறுவனம் என மூன்று வழிகள் உண்டு. கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நம்மவர்களுக்கு இங்கே ஒரு சின்னத் தொல்லை: ஆதாரில் ‘கே. முருகன்’ என்றும், பான் அட்டையில் தந்தை பெயரை விரித்து ‘முருகன் கந்தசாமி’ என்றும் இருந்தால் பத்திரமும் வங்கிக் கணக்கும் அங்கேயே நின்றுவிடும். பெயர்களை முன்பே ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். நிலம் மலிவு என்று அத்திப்பள்ளி தாண்டி ஓசூர்ப் பக்கம் வாங்கினால் மாநிலமே மாறிவிடும். உள்ளாட்சி, வனத்துறை, மாநில விலங்கு நல வாரியம் எல்லாம் தமிழ்நாட்டினுடையவை ஆகிவிடும். கர்நாடகப் பக்கம் விவசாய நிலமாக இருந்தால் நிலவருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்கீழ் நிலப்பயன் மாற்றம் பற்றி வருவாய்த்துறையில் முதலில் விசாரியுங்கள்.

வெளிநாட்டு நன்கொடைக்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மாமா இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் வங்கி வழியே அனுப்பலாம். குடியுரிமை மாறியிருந்தால் அதே பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும்.

சிகிச்சை அறை வைத்தால், மருத்துவர் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். ஊசி, பஞ்சு, உறுப்புக் கழிவு ஆகியவற்றுக்கு 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெறவேண்டும். கெட்டமைன் போன்ற மயக்க மருந்தைப் பூட்டி வைத்து, எடுத்த அளவை ஒவ்வொரு முறையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

தத்துக்கொடுக்கும்போது வாங்கும் தொகை விலை போலத் தோன்றக்கூடாது. விற்பனை என்றாகிவிட்டால் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் உங்கள்மேல் பாயும். தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஆன செலவு என்று ரசீதில் பிரித்து எழுதுங்கள். ஒப்பந்தத்தில் தத்தெடுப்பவரின் முகவரி, வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதம், விலங்கை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் தெருவில் விடாமல் காப்பகத்திடமே திருப்பித் தருவதற்கான நிபந்தனை ஆகியவை இருக்கட்டும். தமிழ், கன்னடம் இரண்டிலும் அச்சிட்டு வைத்தால் கையெழுத்துப் போடுபவர் படித்துப் பார்த்தே போடுவார்.