கம்பெனி கூப்பிடும் கட்டாயக் கூட்டம்: பிரான்சைஸ் கடைக்காரர் போடவேண்டிய கணக்கு

ஒரு கம்பெனியின் பெயரையும் முறையையும் பயன்படுத்தி நாம் நடத்தும் பிரான்சைஸ் கடை எடுக்கும்போது டெபாசிட், ராயல்டி (பெயருக்காகக் கம்பெனிக்குக் கட்டும் பங்கு), உள் அலங்காரச் செலவு எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்போம். வருடாந்தரக் கூட்டத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்ற ஷரத்து 'பயிற்சி' என்ற தலைப்புக்குக் கீழே கிடக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. பிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. முக்கியமாக உங்களைக் கட்டுப்படுத்துவது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளும்தான்.

ஆகவே கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை கூட்டம், கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா, முதலாளியே வரவேண்டுமா, மேலாளர் போதுமா? மச்சானை அனுப்பிவைத்து, அக்ரிமென்டில் 'உரிமையாளர் நேரில்' என்று இருந்ததால் வருகை கணக்கில் ஏறாமல் போவது அடிக்கடி நடக்கிறது. பதிலாள் போகலாம் என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். வராததற்கு அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அது உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு இடம் தராது. ஆனால் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளும் உரிமையும் கம்பெனிக்கு இருந்தால், பணம் போன பிறகுதான் நீங்கள் வாதாட முடியும். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

ஒரு கூட்டத்தின் செலவுக்கு ஒரு மாதிரி: பதிவுக் கட்டணம் 8,000, ரயில் 3,000, இரண்டு இரவு அறை 7,000, சாப்பாடும் ஆட்டோவும் 2,500, கடையில் மாற்றாள் நான்கு நாளுக்கு 3,200. மொத்தம் 23,700 ரூபாய். மாதம் 2,000 தனியே எடுத்து வைத்தால் பாரம் தெரியாது.

பணம் வீணாவது பெரும்பாலும் பில்லில்தான். அறையைக் காலிசெய்யும்போது கவுன்டரிலேயே நின்று பாருங்கள். கடையின் பெயர், உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? பிறகு ஓட்டலின் ஜிஎஸ்டி எண். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, அந்த வரியை வரவு எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். 29 என்றால் கர்நாடகம். அங்கே கட்டிய வரி தமிழ்நாட்டுப் பதிவுக்கு வராது, அது செலவுதான். கூட்டம் சென்னையிலா பெங்களூரிலா என்பதில் இவ்வளவு இருக்கிறது. பதிவுக் கட்டணத்தைப் பயிற்சிக் கட்டணமாகக் கம்பெனி உங்கள் எண்ணுக்கே பில் போட்டால், எங்கே நடந்தாலும் வரவு உண்டு. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு எதுவும் கிடையாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது, யுபிஐயில் கட்டுங்கள். குடும்பத்தார் உடன் வந்தால் அவர்கள் டிக்கெட் சொந்தச் செலவு.

தேதி விஷயத்தில் வாய் திறந்து பேசவேண்டும். இராமேஸ்வரத்தில் ஆடி, தை அமாவாசைக்குக் கடையை விட்டு நகரவே முடியாது. கீழக்கரைக்கு ரம்ஜான் கடைசிப் பத்து நாள் அப்படி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலை நம்பிய ஊர்களில் வியாபாரம் மந்தம், கூட்டத்தை அப்போது வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து மின்னஞ்சல் அனுப்பினால் மதிப்பு கூடும்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தேதி தெரிந்த அன்றே போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று பலமாக வீசும் நாட்களில், இராமேஸ்வரம் தீவை இணைக்கும் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் தீவிலிருந்து கிளம்புகிறவர்கள் ஒரு நாள் முந்தியே புறப்படுங்கள், அல்லது பேருந்தில் இராமநாதபுரம் வந்து ஏறுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே ஏறும் இடத்தை இராமநாதபுரம் என்று போடவேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடலாம்.