கொடிக்கம்பமாய் நின்ற ஆப்பிள் செடி

மாடம்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில் அன்னா ரக ஆப்பிள் கன்று வைத்தேன். குளிர் அதிகம் கேட்காத இஸ்ரேல் ரகம். ஒரு வருஷத்தில் நாலடி வளர்ந்தது, கிளை ஒன்றுகூட இல்லை. உரம் போதவில்லை என்று நினைத்து மண்புழு உரத்தைக் கொட்டினேன். இன்னும் உயரமானதுதான் மிச்சம்.

காரணம் நுனிமொட்டு. அதில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழிறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. ஆப்பிள் நர்சரிகளில் பென்சைல்அடினின் என்ற ஹார்மோன் மருந்தைத் தெளித்து அவற்றை எழுப்புவார்கள். எனக்கு மருந்து வேண்டாமென்று பட்டது. தை மாதம், இரண்டரை அடியில் நுனியை வெட்டினேன் (அம்மா திட்டினார்). அப்புறம் மேலிருந்து இறங்கும் ஆக்சினைத் தடுக்க, தூங்கிக்கிடந்த மூன்று மொட்டுகளுக்குச் சற்று மேலே, பட்டையை மட்டும் பிளேடால் பிறைபோல் கீறினேன். மூன்று வாரத்தில் நான்கு துளிர்! நேராக மேலே ஓடப் பார்த்த இரண்டை மட்டும் துணிக் கிளிப் மாட்டிச் சாய்த்திருக்கிறேன்.