பழைய புகைப்படத்தைச் சான்றாக வாசிப்பது எப்படி?

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் புகைப்படப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். புகைப்படக் கலைஞர் டாரத்தியா லாங்க் 1936இல் எடுத்த 'மைக்ரண்ட் மதர்' (புலம்பெயர்ந்த தாய்) படத்தை வைத்துப் பழகுவோம்.

1. முதலில் படம் மட்டும்

படத்தைப் பற்றிய பட்டியல் பதிவைப் படிக்காமல், கிடைப்பதிலேயே பெரிய கோப்பை (டிஃப் என்ற உயர்தரக் கோப்பு வகை இருந்தால் அதை) இறக்கிக்கொள்ளுங்கள். படத்தை மனதில் நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். கன்னத்தருகே கை, முகத்தை மறைத்துத் தோளில் சாய்ந்த இரு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை, நைந்துபோன சட்டைக்கை. 'பசியால் வாடும் தாய்' என்று எழுதிவிட்டால் அது உங்கள் ஊகம். படத்தில் பசி தெரியாது. ஊகங்களுக்குத் தனிப் பத்தி வையுங்கள்.

2. தலைப்பு யார் தந்தது?

பதிவிலுள்ள தலைப்பு, கலிஃபோர்னியாவில் வறுமையில் தவிக்கும் பட்டாணி பறிப்பவர்கள், ஏழு பிள்ளைகளின் தாய், வயது முப்பத்திரண்டு, நிப்போமோ என்கிறது. அந்தத் தாயின் பெயர் இல்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. பிற பதிவுகளில் தலைப்பு சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால், அது பட்டியலாளர் சூட்டியது. எடுத்தவரின் வாக்காக மேற்கோள் காட்டாதீர்கள்.

குடும்பம் கார் டயர்களை விற்றுச் சாப்பிட்டதாக லாங்க் 1960இல் எழுதினார். குடும்பத்தினர் அதை மறுத்தார்கள். படத்தோடு வந்த தலைப்பையும் 24 ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

3. தேதியும் நிறுவனமும்

இந்தப் படம் உள்ள தொகுப்பின் பெயரில், லாங்க் வேலை செய்த அரசு நிறுவனமான 'ஃபார்ம் செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேஷன்' என்றிருக்கும். அந்தப் பெயர் வந்ததே 1937இல். படம் எடுக்கப்பட்டபோது அந்த நிறுவனத்தின் பெயர் 'ரீசெட்டில்மென்ட் அட்மினிஸ்ட்ரேஷன்'. தொடக்கநிலையில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது.

4. குறிப்புப் பகுதி

பதிவிலுள்ள இந்தப் பகுதியைத் தாண்டிப் போகவே கூடாது. கூடாரக் கம்பைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஒன்று கீழே வலது மூலையில் இருந்தது என்றும், 1930களில் நெகட்டிவிலேயே அதை அழித்தார்கள் என்றும் பதிவு சொல்கிறது. ஜூம் செய்தால் மங்கலான தடம் தெரியும். திருத்துவதற்கு முன் போட்ட பிரதியும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5. கூடவே எடுத்த படங்கள்

அந்தத் தாயை லாங்க் வேறு கோணங்களிலும் எடுத்தார். சற்றுத் தள்ளி எடுத்தவற்றில் கூடாரம் தெரியும். புகழ்பெற்ற படத்தில் அது சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. அடுத்தடுத்த நெகட்டிவ் எண்களை மட்டும் புரட்டினால் இவை சிக்காது, எண்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. எடுத்தவர் பெயரும் நிப்போமோவும் சேர்த்துத் தேடுங்கள். இவை 4×5 அங்குலத் தனித்தனி நெகட்டிவ்கள் என்பதால், ஃபிலிம் சுருளில் போல எது முந்தியது என்று எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது.

6. எண்களைக் குறிப்பது

நூலக அழைப்பு எண்ணோடு (மூலப் படத்தை நூலகத்தில் அடையாளம் காட்டும் 'கால் நம்பர்'), நீங்கள் பார்த்த கோப்பின் மறுபிரதி எண்ணையும் ('ரீப்ரொடக்ஷன் நம்பர்') எழுதிவையுங்கள். விரல் உள்ள பிரதிக்கும் இல்லாததற்கும் மறுபிரதி எண் வேறு.