பேசிக் செக்கர்ஸ்: மெஷினின் கணக்கைத் தெரிந்துகொண்டு ஆடுங்கள்

தக்கலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய காலத்தில், பேசிக் என்ற புரோகிராம் மொழியைப் படித்து முடித்த பிள்ளைகளுக்கு நான் டைப் செய்யக் கொடுத்தது செக்கர்ஸ் புரோகிராம். டேவிட் ஆல் தொகுத்த 'பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்' புத்தகத்தில் இருக்கிறது. மைக்ரோ கம்ப்யூட்டர்களுக்கான பதிப்பு 1978-ல் வந்தது. இன்றும் லேப்டாப்பில் ஜி.டபிள்யூ.பேசிக் எமுலேட்டர் (பழைய பேசிக்கை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் சாஃப்ட்வேர்) போட்டு ஆடலாம். டைப் செய்யும்போது அடிக்கடி சேவ் செய்யுங்கள். எங்கள் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஆளுக்குப் பன்னிரண்டு காய், குறுக்காகத்தான் நகர வேண்டும். ஆடுபுலியில் புலி ஆட்டைத் தாண்டுவது போலத் தாண்டி வெட்ட வேண்டும். வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டும்.

ரன் கொடுத்ததும் புள்ளிகளாலான பலகை வரும். மேலே எக்ஸ் மெஷினுடையது, கீழே ஓ உங்களுடையது. கட்டத்துக்கு இரண்டு எண்கள்: இடமிருந்து எத்தனையாவது, கீழிருந்து எத்தனையாவது. இரண்டும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம், இடது கீழ் மூலை 0,0. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். "மக்கா, ரெண்டையும் கூட்டிப் பாரு, இரட்டைப்படை வரலைன்னா அந்தக் கட்டம் ஆட்டத்திலேயே இல்லை" என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். எங்கிருந்து, எங்கே என்று கேட்கும். கமா போட்டு அடியுங்கள். வெட்டியபின் மறுபடி எங்கே என்று கேட்டால், தொடர்ந்து வெட்ட வழியில்லாதபோது இரண்டு மைனஸ் எண்களைக் கொடுங்கள். எதிர்க்கோடியைத் தொட்ட காய் நட்சத்திரத்தோடு ராஜாவாகும், அதன்பின் அது பின்னாலும் நகரலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள்: உங்கள் நகர்த்தலை மெஷின் சரியாகச் சோதிப்பதில்லை. சாதாரணக் காயைப் பின்னால் நகர்த்தினாலும், உங்கள் காயையே தாண்டினாலும் ஏற்றுக்கொள்ளும். நடுவர் நீங்கள்தான்.

இனி மெஷினின் கணக்கு. தன்னுடைய ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மார்க் போட்டு, அதிக மார்க் பெற்றதை ஆடும். வெட்டினால் 5, ராஜாவானால் 2, ஓரக் கட்டத்துக்குப் போனால் 1, போய் நிற்கும் இடத்துக்கு முன்னால் குறுக்கே தன் காய் இருந்தால் காய்க்கு 1. தன் பக்கத்துக் கடைசி வரிசையை விட்டு வெளியேறினால் 2 குறையும், போய் நிற்கும் இடத்தில் வெட்டுப்படும் என்றாலும் ஆபத்துள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் 2 குறையும். அவ்வளவுதான். அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அதற்குமேல் யோசிப்பதில்லை. நகர்ந்த காயைப் பார்க்குமே தவிர, அது விட்டுப்போன இடத்தில் பக்கத்துக் காய் பாதுகாப்பில்லாமல் நிற்பதைப் பார்க்காது. ஆர்தர் சாமுவேல் ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு எழுதிய செக்கர்ஸ் புரோகிராம் தன் மார்க்குகளை ஆடி ஆடித் தானே திருத்திக்கொண்டது. 1959-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். இதில் மார்க்கெல்லாம் மனிதர் எழுதி வைத்தபடியே நிற்கும். அதனால்தான் பிள்ளைகளால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது.

சோதித்துப் பாருங்கள். மெஷின்தான் முதலில் ஆடும், எப்போதும் 1,5-லிருந்து 0,4-க்கு. ஓரக் கட்டத்துக்கான அந்த 1 மார்க்குக்காக. நீங்கள் 2,2-லிருந்து 1,3-க்குப் போங்கள். உடனே தாண்டி வெட்டி 2,2-ல் வந்து உட்காரும்: வெட்டியதற்கு 5, ஆபத்துக்காக 2 கழித்து, மிச்சம் 3. வேறெந்த நகர்த்தலுக்கும் அவ்வளவு கிடைக்காது. இப்போது 3,1-லிருந்து அதைத் தாண்டி 1,3-க்குப் போங்கள், கணக்கு சரி. ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்தாயிற்று. இதே தூண்டிலை இரண்டு காய் விழும்படி அமைப்பதுதான் மெஷினை ஜெயிக்கும் வழி. ஒரே நிலைக்கு ஒரே பதில்தான் தரும், எனவே ஜெயித்த ஆட்டத்தை நோட்டில் எழுதி வைத்தால் மறுபடியும் அப்படியே ஜெயிக்கலாம்.

அது சலித்துப்போனால் புரோகிராமில் கை வையுங்கள். இரண்டு பக்கமும் ஆபத்து இருந்தால் 5-ல் 4 போய் 1தான் மிஞ்சும், அப்போது மெஷின் வெட்டாமலே விட்டுவிட வாய்ப்புண்டு. வெட்டுக்கான 5-ஐ 20 ஆக்குங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்ற விதியை அதற்குப்பின் மெஷின் மீறாது.